பாட்டத்துக்கு எடுத்த பொம்மை: கதாபாத்திர லைசென்ஸில் கையெழுத்துப் போடும் முன்

போன மாதம் கருங்கலிலிருந்து ஒரு பையன் என் பட்டறைக்கு வந்தான். வீட்டு மாடியில் இரண்டு ரெசின் பிரிண்டர் (திரவப் பிசினை உருவமாக இறுக்கும் 3டி பிரிண்டர்) வைத்து, அலமாரியில் வைக்கிற மாதிரி சின்ன உருவங்கள் செய்து விற்கிறவன். கையில் 23 பக்க ஒப்பந்தம் இருந்தது. மும்பையில் உள்ள ஒரு கார்ட்டூன் நிறுவனம் தங்கள் கதாபாத்திரத்தை அவன் பொம்மையாகச் செய்து விற்கலாம் என்று அனுப்பியிருக்கிறது. இரண்டு வருடம், பத்து சதவீத ராயல்டி (விற்கும் ஒவ்வொரு பொம்மைக்கும் உரிமையாளருக்குக் கொடுக்கும் பங்கு), மூன்று லட்சம் மினிமம் கேரண்டி (விற்பனை குறைந்தாலும் கொடுத்தே ஆக வேண்டிய தொகை).

"அக்கா, பத்து சதவீதம்தான் கேக்காவ. கையெழுத்துப் போட்டு அனுப்பிரட்டா?"

"எத்தனை பொம்மை விப்ப மக்களே?" என்று கேட்டேன். அவனிடம் பதில் இல்லை. அன்று அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்த வேலைக்கு இப்போது இளம்பிள்ளைகள் நிறைய வருகிறார்கள். நான் பட்ட அடி அவர்களுக்கு வேண்டாம்.

நான் மயிலாடிக்காரி. அப்பா கல்தச்சர். உளிச் சத்தத்துக்கு நடுவில் வளர்ந்து, களிமண்ணில் உருவம் பிடிக்கப் பழகி, கடைசியில் ரெசினுக்கு வந்து சேர்ந்தேன். சுசீந்திரம் ரோட்டில் பட்டறை. என்னோடு ஆறு பேர் வேலை செய்கிறார்கள். பதினோரு வருடத்தில் நான்கு கதாபாத்திரங்களுக்கு லைசென்ஸ் எடுத்திருக்கிறேன். என் சொந்த உருவம் ஒன்றை வேறொருவருக்கு லைசென்ஸ் கொடுத்தும் இருக்கிறேன். அதனால் மேசையின் இரண்டு பக்கத்திலும் உட்கார்ந்து பார்த்தவள்.

லைசென்ஸ் என்றால் என்ன என்று புரிய, நம் ஊர்த் தென்னந்தோப்புப் பாட்டத்தை, அதாவது குத்தகையை, நினைத்துக்கொண்டால் போதும். மரம் தோப்புக்காரருடையது. இத்தனை வருடத்துக்குத் தேங்காய் வெட்டிக்கொள்ளும் உரிமை மட்டும் உங்களுக்கு. காய்ப்பு நன்றாக இருந்தாலும், வாடல் நோய் விழுந்தாலும், பேசிய பாட்டத்தைக் கொடுத்தாக வேண்டும். மரத்தை வெட்டக் கூடாது, வேறு ஆளுக்கு உள்குத்தகைக்கு விடக் கூடாது, காலம் முடிந்தால் தோப்பை விட்டு இறங்கிவிட வேண்டும். பொம்மை ஒப்பந்தத்தின் 23 பக்கத்திலும் இதைத்தான் நீட்டி எழுதியிருப்பார்கள்.

முதலில் பார்க்க வேண்டியது, கதாபாத்திரம் யாருடையது என்பது. கேட்கிறவர் உண்மையிலேயே உரிமையாளரா, அவருடைய ஏஜெண்டா, ஏஜெண்ட் என்றால் அந்த அதிகாரம் எழுத்தில் இருக்கிறதா? நம் பதிப்புரிமைச் சட்டம் 1957-இல் வந்தது. அதன்படி லைசென்ஸ், உரிமையாளரோ அவருடைய அதிகாரம் பெற்ற ஏஜெண்டோ எழுத்தில் கொடுத்ததாக இருக்க வேண்டும். போனில் "செய்துகொள்ளுங்கள்" என்று சொன்னதை நம்பி மோல்டு (வார்ப்பு அச்சு) போடாதீர்கள். எத்தனை வருடம் என்று எழுதாமல் விட்டால் ஐந்து வருடம் என்றும், எந்த இடம் என்று எழுதாமல் விட்டால் இந்தியா முழுவதும் என்றும் அந்தச் சட்டம் எடுத்துக்கொள்ளும். ஆனால் பெரிய நிறுவனங்கள் எதையும் எழுதாமல் விடுவதில்லை.

யாருடையது என்ற கேள்விக்கு நம் ஊரிலேயே இரண்டு நல்ல உதாரணம் உண்டு. ஒன்று தோல்பாவைக்கூத்து. உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் தலைமுறை தலைமுறையாக வருகிற பாத்திரங்கள். தனி ஒருவருக்குச் சொந்தம் இல்லை, யாரும் செய்யலாம். ஆனால் இன்றைக்கு ஓர் ஓவியர் தன் கற்பனையில் வரைந்த உச்சிக்குடும்பன் படம் அந்த ஓவியருடையது. அதைப் பார்த்து நீங்கள் பொம்மை செய்தால் அவரிடம் கேட்க வேண்டும். நான் அந்த இருவரையும் செய்தபோது நானே புதிதாக வரைந்தேன். இருந்தும், பாவை காட்டுகிற குடும்பம் ஒன்றுக்கு ஒரு பொம்மைக்கு இவ்வளவு என்று கொடுத்து வருகிறேன். சட்டம் கேட்காத பணம்தான். அந்தச் சிரிப்பை இத்தனை காலம் உயிரோடு வைத்திருந்தவர்களுக்குக் கொடுக்காமல் எனக்குத் தூக்கம் வராது.

இன்னொன்று, கடலுக்குள் நிற்கிற 133 அடி வள்ளுவர். 2000-ஆம் ஆண்டு ஜனவரி 1-ஆம் தேதி திறந்தார்கள், வடித்தவர் கணபதி ஸ்தபதி. பொது இடத்தில் நிலையாக இருக்கும் சிற்பத்தை வரையலாம், போட்டோ எடுக்கலாம், அதை வெளியிடலாம் என்று பதிப்புரிமைச் சட்டத்தில் விலக்கு உண்டு. அந்த வரியில் ஓவியம், செதுக்குப் படம், போட்டோ என்றுதான் இருக்கிறது. முப்பரிமாணத்தில் சின்னச் சிலை செய்வது அதில் வரவில்லை. அதனால் அந்தச் சிலையை அச்சாக வைத்து பொம்மை செய்ய நினைக்கிறவர்கள் முதலில் உரிமை யாரிடம் என்று விசாரித்து, எழுதிக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். என் பட்டறையில் அந்த வடிவத்தை இதுவரை தொடவில்லை.

சரி, பணத்துக்கு வருவோம். எல்லோரும் சதவீதத்தைத்தான் பார்க்கிறார்கள். நான் அதைக் கடைசியாகப் பார்ப்பேன்.

கருங்கல் பையனின் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்காரருக்கு அவன் போடும் பில் விலை, ஜிஎஸ்டி இல்லாமல் 500 ரூபாய். ராயல்டி பத்து சதவீதம், பொம்மைக்கு 50 ரூபாய். ரெசின், பெயிண்ட், கூலி, பெட்டி எல்லாம் சேர்த்து அடக்கம் 260. மீதி 190 ரூபாய் நிற்கும் என்று சந்தோஷப்பட்டான். மூன்று லட்சம் மினிமம் கேரண்டியை 50 ஆல் வகுத்துப் பார்க்கச் சொன்னேன். 6,000 வந்தது. அதாவது இரண்டு வருடத்தில் 6,000 பொம்மை விற்றால்தான் அவன் கொடுப்பது பத்து சதவீதம்.

2,500 மட்டும் விற்றால்? மூன்று லட்சம் அப்போதும் கொடுக்க வேண்டும். பொம்மைக்கு 120 ரூபாய். சதவீதம் பத்து இல்லை, 24. மாஸ்டருக்கும் (அச்சு எடுக்கும் முதல் உருவம்) மோல்டுக்கும் ஒன்றரை லட்சம் செலவழித்திருந்தால் அதில் பொம்மைக்கு 60 ரூபாய். 500-இல் 260, 120, 60 போனால் மிச்சம் 60. மொத்தம் ஒன்றரை லட்சம் லாபம் என்று தோன்றும். ஆனால் அவன் 3,500 செய்து வைத்திருந்து 1,000 தங்கிவிட்டால், அடக்கத்திலேயே 2,60,000 முடங்கிவிட்டது. முடிவில் 1,10,000 நஷ்டம். இத்தனைக்கும் பொம்மை நன்றாக இருந்திருக்கலாம், வாங்கியவர்கள் எல்லோரும் பாராட்டியிருக்கலாம்.

அதனால் எந்த ஒப்பந்தம் வந்தாலும் முதல் வேலை இந்த வகுத்தல்தான்: மினிமம் கேரண்டியை ஒரு பொம்மைக்கான ராயல்டியால் வகுங்கள். வருகிற எண்ணிக்கையை உங்கள் கடைகளால் விற்க முடியுமா என்று பாருங்கள். கதாபாத்திரம் எவ்வளவு புகழ் பெற்றது என்பது அப்புறம்.

கையெழுத்தின்போது கேட்கும் அட்வான்ஸ் இந்த மினிமம் கேரண்டியில் ஒரு பங்குதான். பின்னால் வரும் ராயல்டியில் கழியும், ஆனால் திரும்பி வராது. கேரண்டியை வருடத்துக்கு வருடம் பிரித்திருந்தால் கவனமாக இருங்கள். முதல் வருடம் கூடுதலாக விற்ற ராயல்டி இரண்டாம் வருடக் குறைவை நிரப்பாது என்று எழுதியிருப்பார்கள். இரண்டு வருடத்தையும் ஒரே கணக்காக வைக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் தருகிறார்கள்.

பத்து சதவீதம் எதன் மேல் என்பதும் முக்கியம். ஒப்பந்தத்தில் 'நெட் சேல்ஸ்' என்று தனியாக விளக்கம் இருக்கும். வரி கழியும், உண்மையில் திரும்பி வந்த சரக்கு ஓர் அளவு வரை கழியும். லாரி வாடகை, விளம்பரம், வராக்கடன் பெரும்பாலும் கழியாது. பில் போட்ட அன்றே ராயல்டி ஏறிவிடும். வடசேரியில் ஒரு கடைக்காரர் எட்டு மாதம் இழுத்தடித்தார், அந்தப் பணம் வருவதற்கு முன்பே அதற்கான ராயல்டியை நான் கட்டி முடித்துவிட்டேன். பத்து வாங்கினால் ஒன்று இலவசம் என்று டீலருக்குக் கொடுக்கும் அந்த ஒன்றுக்கும் ராயல்டி உண்டா என்று படியுங்கள். நேரடியாக வாடிக்கையாளருக்கு விற்றால் டீலர் விலையா, சில்லறை விலையா என்பதையும் தெளிவாக எழுதி வாங்குங்கள். காமிக் கான் மாதிரி காமிக்ஸ் ரசிகர்கள் கூடும் நிகழ்ச்சியில் ஸ்டால் போடுகிறவர்களுக்கு இது பெரிய தொகை.

அடுத்தது ஒப்புதல். எனக்கு விழுந்த பெரிய அடி இதில்தான்.

கதாபாத்திரத்தை உரிமையாளரின் கண் பார்க்காமல் ஒரு பொம்மையும் வெளியே போகக் கூடாது. முதலில் முன், பக்கம், பின் என்று வரைபடம். பிறகு உருவம். அப்புறம் பெயிண்ட் அடித்த மாஸ்டர், பெட்டியின் டிசைன், உற்பத்திக்கு முந்தைய சாம்பிள், கடைசியாக உற்பத்தியில் இருந்தே எடுத்த சாம்பிள். ஒவ்வொரு படியிலும் எழுத்தில் ஒப்புதல் வர வேண்டும். ஸ்டைல் கைடு என்று ஒன்று தருவார்கள், கண்ணுக்கும் கன்னத்துக்கும் எந்தப் பான்டோன் எண் (நிறத்துக்கான குறியீட்டு எண்) என்றுகூட அதில் இருக்கும். அதை வேதம் மாதிரி பின்பற்றுங்கள். ஒரு கலைஞராக எனக்கு முதலில் அது கஷ்டமாக இருந்தது. அந்த முகத்தை நேசிக்கிற குழந்தை ஒரு புருவம் மாறினாலும் கண்டுபிடித்துவிடும் என்று புரிந்த பிறகு, அந்தக் கண்டிப்பை மதிக்கத் தொடங்கினேன்.

ஆனால் காலம் யார் கணக்கில் போகிறது என்பதை நான் பார்க்கவில்லை. மூன்றாவது லைசென்ஸ், இரண்டு வருடம், ஜனவரி 1 முதல். உருவத்தை நான்கு முறை திருப்பி அனுப்பினார்கள். ஒவ்வொரு முறையும் பதில் வர நான்கு, ஐந்து வாரம். ஒப்பந்தத்தில் பதினைந்து வேலைநாள் என்று இருந்தது, ஆனால் பதில் வராவிட்டால் மறுப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும் பக்கத்திலேயே இருந்தது. ஒப்புதல் கையில் வந்தபோது ஆகஸ்ட். ஓணம் வியாபாரம் போனது. உற்பத்தி தொடங்கினால் அக்டோபர் மழை. நமக்குத் தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு பருவமழையும் உண்டு, பாலியூரித்தேன் ரெசினுக்கு ஈரம் ஆகாது. காற்றில் ஈரம் ஏறினால் வார்ப்பில் நுரை தட்டிக் குமிழி விழும். முதல் வார்ப்பில் பாதியை ஒதுக்கினோம். கிறிஸ்துமஸ் வியாபாரமும் கால்வாசிதான் கிடைத்தது. இரண்டு வருட லைசென்ஸ் எனக்கு ஒரு வருடமாகச் சுருங்கியது. பாட்டம் மட்டும் சுருங்கவில்லை.

1977 மே மாதம் ஸ்டார் வார்ஸ் படம் வந்தபோது பொம்மை உரிமை வைத்திருந்த கென்னர் நிறுவனத்தால் அந்தக் கிறிஸ்துமஸுக்குள் உருவங்களைச் செய்து முடிக்க முடியவில்லை. பொம்மைக்குப் பதிலாக, பிறகு அனுப்புகிறோம் என்ற சான்றிதழை அட்டை உறையில் வைத்து விற்றார்கள். உருவங்கள் 1978-இல் தபாலில் போயின. மோல்டுக்கு ஆகும் காலத்தை அவ்வளவு பெரிய நிறுவனத்தாலும் சுருக்க முடியவில்லை. நம்மைப் போன்றவர்கள் சான்றிதழ் விற்க முடியாது, அதனால் எழுத்தில் பாதுகாத்துக்கொள்ள வேண்டும். இரண்டு விஷயம் கேளுங்கள். லைசென்ஸ் காலம் கையெழுத்துத் தேதியில் இல்லாமல், முதல் பொம்மைக்கு இறுதி ஒப்புதல் வந்த நாளில் தொடங்க வேண்டும். அதற்குச் சம்மதிக்காவிட்டால், அவர்கள் பக்கம் தாமதமான நாட்களைக் கடைசியில் கூட்டித் தர வேண்டும். பதில் வராவிட்டால் ஒப்புதல் என்று எழுதித் தரமாட்டார்கள், அதற்காக மல்லுக்கட்டி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

மற்ற ஷரத்துகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். விற்பனை எல்லை 'தமிழ்நாடு' என்று இருந்தால் நமக்கு ஆகாது. களியக்காவிளை தாண்டினால் கேரளம், என் சரக்கில் பாதி திருவனந்தபுரத்துக்குப் போகிறது. இந்தியா முழுவதும் என்று மாற்றுங்கள். ஆன்லைன் உரிமை தனியாக வரும், அதையும் பாருங்கள். 'எக்ஸ்குளூசிவ்' இல்லாத லைசென்ஸ் என்றால் பக்கத்துக் கடையிலேயே இன்னொருவர் அதே முகத்தை விற்கலாம், அதற்கு ஏற்ற மாதிரி கேரண்டியைக் குறைக்கச் சொல்லுங்கள். பெயிண்ட் வேலையை வீடுகளுக்குக் கொடுத்து வாங்குகிறீர்கள் என்றால், வெளியாள் செய்ய அனுமதி வேண்டும். தகராறு வந்தால் மும்பை கோர்ட் என்று இருக்கும். நாகர்கோவிலிலிருந்து ரயிலில் ஒன்றரை நாள் ஆகிற ஊர். சென்னை என்று கேட்டுப் பாருங்கள், இல்லையென்றால் வீடியோவில் நடக்கும் நடுவர் விசாரணையாவது கேளுங்கள். ராயல்டிக்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி வரும், உங்கள் தொழில் அளவைப் பொறுத்து 10 சதவீதம் டிடிஎஸ் (கொடுக்கும் பணத்திலேயே முன்கூட்டிப் பிடித்துக் கட்டும் வருமான வரி) பிடிக்க வேண்டியிருக்கும். உரிமையாளர் வெளிநாட்டுக்காரர் என்றால் கையெழுத்துக்கு முன்பே ஆடிட்டரைப் பாருங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை விற்பனைக் கணக்கு அனுப்ப வேண்டும், விற்பனையே இல்லாவிட்டாலும் அனுப்ப வேண்டும். நாள் தவறினால் வட்டி. அவர்கள் ஆள் வந்து கணக்கைப் பார்க்கலாம், குறைத்துக் காட்டியது குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் வந்தவரின் செலவும் நம் தலையில். செய்தது, விற்றது, உடைந்தது, சாம்பிளுக்குக் கொடுத்தது என்று நான்கு பத்தி நோட்டு ஒன்றை முதல் நாளிலிருந்தே எழுதுங்கள்.

ஐஎஸ்ஐ முத்திரையைப் பற்றிப் பலருக்கும் தவறான எண்ணம் இருக்கிறது. மத்திய அரசின் ஆணைப்படி 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு அது கட்டாயம். 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் விளையாடுவதற்கான பொருள் எல்லாம் பொம்மை என்று அந்த ஆணை சொல்கிறது, குழந்தைகளுக்கு மட்டும் என்று இல்லாவிட்டாலும் கூட. பெட்டியில் '14+' என்று அச்சடித்துவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். ஆறு வயதுக் குழந்தை கையில் எடுத்து விளையாடும் கார்ட்டூன் பொம்மை, எழுத்து என்ன சொன்னாலும் பொம்மைதான். ஒப்பந்தத்திலும் இந்தப் பொறுப்பு முழுக்கத் தயாரிப்பாளர் மேல்தான் இருக்கும். சோதனைச் செலவை அடக்கத்தில் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

கடைசிப் பக்கங்களை யாரும் படிப்பதில்லை. காலம் முடிந்த பிறகு மிச்சச் சரக்கை விற்க 90 நாள் தருவார்கள். கேரண்டி பாக்கி இருந்தால் அதுவும் கிடையாது. நான் சொன்ன மூன்றாவது லைசென்ஸில் முடிவு நாளன்று 1,140 பெட்டி இருந்தன. 90 நாளில் 400 விற்றேன். மீதி 740-ஐயும் உடைத்து, மோல்டையும் அறுத்து, போட்டோ எடுத்து அனுப்பினோம். என் பட்டறைப் பெண்கள் ஒவ்வொரு கண்ணையும் கையால் வரைந்தவர்கள். அன்று யாரும் பேசவில்லை. அமெரிக்காவின் ஃபங்கோ நிறுவனம் 2023-இல் மூன்று கோடி டாலருக்கு மேல் மதிப்புள்ள உருவங்களை அழிக்கப் போவதாக அறிவித்தபோது எனக்கு அந்த நாள்தான் ஞாபகம் வந்தது. முடிவுக்கு ஆறு மாதம் முன்பே வார்ப்பை நிறுத்துங்கள். 90 நாளை 180 ஆக்கக் கேளுங்கள்.

சின்னப் பட்டறைகளுக்கு இன்னொரு வழியும் உண்டு. ஜப்பானில் வொண்டர் ஃபெஸ்டிவல் என்று ஒரு பொம்மைச் சந்தை நடக்கிறது. அங்கே வீட்டில் உருவம் செய்கிறவர்களுக்கு அந்த ஒரு நாள் மட்டும் விற்க லைசென்ஸ் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. அதை எடுத்துச் சொல்லி, 300 பொம்மை, மொத்தமாக ஒரு தொகை, கேரண்டி இல்லை என்று நானே ஒரு சிறுவர் பத்திரிகையிடம் கேட்டு வாங்கியிருக்கிறேன். எழுதிக் கேட்பதற்கு ஒரு பக்கம் போதும். பட்டறை போட்டோ, இதுவரை செய்த மூன்று உருவம், மாதம் எத்தனை வார்க்க முடியும், எந்தெந்தக் கடைகள் வாங்குகின்றன. இவை இருந்தால் பதில் வருகிறது.

சொந்தக் கதாபாத்திரம் உங்களிடம் இருந்தால் பாட்டம் வாங்கும் பக்கம் நீங்கள். இப்போது உலகமே தேடும் லபுபு என்ற பொம்மை, காசிங் லங் என்ற ஓவியர் 2015-இல் தன் சித்திரக் கதைக்காக உருவாக்கியது. 2019-இல்தான் பாப் மார்ட் நிறுவனத்துக்கு லைசென்ஸ் கொடுத்தார். நான் பனையேறும் ஒரு பாட்டாவை (தாத்தாவை) உருவாக்கினேன். செய்த சூட்டில் கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாக் கடையில் வைத்து விற்றுவிட்டேன். அப்புறம்தான் தெரிந்தது, டிசைன் பதிவு செய்ய வேண்டுமென்றால் வெளியில் காட்டுவதற்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். 2000-ஆம் ஆண்டின் டிசைன் சட்டத்தில் பதிவு செய்தால் பத்து வருடம், நீட்டித்தால் இன்னும் ஐந்து வருடம் பாதுகாப்பு. பதிவு செய்யக்கூடிய டிசைனைப் பதிவு செய்யாமல், தொழில்முறையில் ஐம்பது தடவைக்கு மேல் செய்துவிட்டால் அந்த டிசைனுக்கான பதிப்புரிமையும் போய்விடும். பாட்டாவின் பெயரை டிரேட்மார்க்காகப் பதிந்தேன், அது மட்டும்தான் கையில் நின்றது. உங்கள் உருவத்தை யாருக்கும் காட்டும் முன், இன்ஸ்டாகிராமில் போடும் முன், விண்ணப்பத்தை அனுப்பிவிடுங்கள்.

கருங்கல் பையன் மூன்று திருத்தம் கேட்டு எழுதினான். காலம் ஒப்புதல் நாளிலிருந்து தொடங்கும் என்று ஒத்துக்கொண்டார்கள். கேரண்டியை ஒன்றேகால் லட்சமாகக் குறைத்தார்கள். 180 நாள் முடியாது, 120 என்றார்கள். 500 ரூபாய் பில் விலைக்கு ஒன்றேகால் லட்சம் என்றால் 2,500 பொம்மை. இப்போது அவன் ஒரு நோட்டோடு மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் என்று கடை கடையாக ஏறி இறங்குகிறான். எத்தனை எடுப்பீர்கள் என்று கேட்டு, கடைக்காரர் கையாலேயே எழுதி வாங்குகிறான். நேற்று வரை 1,480 வந்திருக்கிறது. இன்னும் திருவனந்தபுரம் பக்கம் போகவில்லை. கையெழுத்துக்கு இந்த மாதம் 30 வரை நேரம் இருக்கிறது.